அமாவாசையில் அளந்த பாதை

காஞ்சிபுரம் மாரத்தானைச் சமதள ஓட்டம் என்று சொல்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, ஓடாதவர்கள். இன்னொன்று, ஓடி முடிக்காதவர்கள். போன வருஷம் சென்னையிலிருந்து வந்த ஒருவர், இங்கே என்ன மலையா இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம் என்று மைதானத்தில் நின்று பெரிதாகப் பேசினார். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் அவர் ஒரு புளியமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்கு இந்தச் சாலை காலில் தெரியும். என் பெயர் சுகாசினி, வீடு மாகறல். அரசுப் பேருந்தில் பதினோரு வருஷமாகக் கண்டக்டர். அதில் எட்டு வருஷம் வாலாஜாபாத், தென்னேரி தடம். நின்றுகொண்டே டிக்கெட் கொடுக்கிறவளுக்குச் சாலையின் குணம் உள்ளங்காலில் ஏறிவிடும். எங்கள் வண்டியின் தரையில் எப்போதும் ஒரு காலி தண்ணீர் பாட்டில் கிடக்கும். அது பின்னால் உருண்டால் சாலை ஏறுகிறது, முன்னால் உருண்டால் இறங்குகிறது. வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் திரும்பும்போது ஓர் இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கு அந்தப் பாட்டில் மெதுவாக, விடாமல், பின்சீட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். கண்ணுக்கு அங்கே ஏற்றமே தெரியாது. டிரைவர் கைலாசம் அண்ணன் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அவர் கை தானாகக் கியரை மாற்றும். புளியமரத்து மனிதர் நின்றது அந்த ஏற்றத்தின் முடிவில்தான்.

ஊரார் நிலத்தில் நாற்று நட்டு என்னை வளர்த்தவள் என் அம்மா. ஓடுவதற்கு யாராவது காசு கட்டுவார்களா என்று இன்றைக்கும் கேட்கிறாள். நான் கட்டுகிறேன். ஆறு முழு மாரத்தான் ஓடியிருக்கிறேன். இந்த வருஷம் எங்கள் ஊர் ஓட்டத்தில் என்னை நாலரை மணி நேரத்துக்கான பேசராக, அதாவது மற்றவர்களுக்கு வேகம் காட்டி முன்னால் ஓடுகிறவளாகப் போட்டார்கள். முதுகில் 4:30 என்று எழுதிய சின்னக் கொடியைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். என் பின்னால் வருகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கொடியைப் பார்த்தால் போதும். நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. டிக்கெட் வாங்கியவர்களை இறக்க வேண்டிய இடத்தில் இறக்குகிற மாதிரிதான்.

அந்தக் கொடியின் பின்னால் வடிவாம்பாள் ஓடப்போகிறாள் என்பதால் எனக்கு அது வெறும் கொடியாக இல்லை.

வடிவக்கா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவள். வயது நாற்பத்து மூன்று. கால் முட்டி வலிக்கிறது என்று போனவளை டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். திருப்பருத்திக்குன்றம் சாலையில் நடந்தாள். நடை போதாமல் ஓட்டமாயிற்று. நான் அவளை முதலில் பார்த்தது அங்கேதான். புருஷனுடைய பழைய ஷூவில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போகலாம் என்று நான் வேகம் எடுத்தேன். இரண்டு கிலோமீட்டர் கழித்து அவள் என்னைத் தாண்டினாள், அதே வேகத்தில். வேகத்தை மாற்றியவள் நான்தான்.

அதுதான் அவளுடைய பலம், அதுதான் அவளுடைய கோளாறும். இருபத்து நாலு வருஷம் தறிக்குழியில் மிதித்த கால் அது. ஒரே தாளம். கையில் வாட்ச் இல்லாமலே ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஆறு நிமிஷம் இருபத்து நாலு விநாடியில் ஓடுவாள். மேடு வந்தாலும் அதேதான், எதிர்காற்று வந்தாலும் அதேதான். சமமான வேகம் சமமான உழைப்பு இல்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மேட்டில் அதே வேகத்தை இழுத்துப் பிடித்தால் உடம்பு இரண்டு மடங்கு வாங்கிக்கொள்ளும். அந்தக் கணக்கைக் கடைசியில்தான் காட்டும். சென்னையில் போன வருஷம் அவள் மேம்பாலங்கள் அத்தனையிலும் தறி மிதித்தாள். முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் கால் நின்றுவிட்டது. நாலு மணி முப்பத்தோரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.

அந்த எழுபத்திரண்டு விநாடிதான் எங்கள் பிரச்சினை. இமயமலைப் பக்கம் செப்டம்பரில் ஒரு பெரிய ஓட்டம் நடக்கிறது. முழு மாரத்தானை நாலரை மணிக்குள் ஓடியதற்குச் சான்றிதழ் இருந்தால்தான் பெயரைச் சேர்ப்பார்கள். என்னிடம் இருக்கிறது, அவளிடம் இல்லை. பெயர் கொடுக்கக் கடைசித் தேதி மாசி முடிவு. அதற்குள் மிச்சமிருந்தது எங்கள் ஊர் ஓட்டம் ஒன்றுதான். அடுத்த வருஷம் போகலாமே என்று நான் கேட்டதற்கு அவள் வலது முட்டியைத் தட்டிக் காட்டினாள். இது இன்னும் ஒரு வருஷம் தாங்கும், அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இருபத்து நாலு வருஷமா ஒரே குழியில கால வெச்சிக்கினு இருக்கேன் சுகா," என்றாள் ஒரு நாள், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. "அந்தக் கால ஒரு தடவ பனிமலையில வெக்கணும். அவ்ளோதான். அப்புறம் குழியிலயே இருக்கட்டும்."

நான் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். சொன்னால் செய்கிறவள் நான். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பாதையை வகுத்தவர் மயில்வாகனம். ஓட்டக் குழுவின் செயலாளர். நெசவுக் குடும்பம்தான், இப்போது சரிகைக் கடை வைத்திருக்கிறார். மனிதர் ரொம்பச் சுத்தம். சைக்கிள் சக்கரத்தில் மீட்டர் கட்டி மொத்தப் பாதையையும் மூன்று தடவை அளந்தார். உடன் போன தொண்டர்கள் எல்லாரும் நெசவாளர்கள். மூன்று தடவையும் அமாவாசையன்றுதான் அளந்தார்கள். தறிக்கு லீவு அன்றைக்குத்தான், அன்றைக்குத்தான் அவருக்கு ஆள் கிடைக்கும். மைதானத்தில் தொடங்கி, வாலாஜாபாத் வழியாகத் தென்னேரி போய், ஏரிக்கரை மேல் நாலு கிலோமீட்டர் ஓடித் திரும்ப வேண்டும். கடைசியில் ஒரு மாற்றம். பெரிய சாலையில் ஒன்பது மணிக்குப் பஸ் நெருக்கம் என்பதால் முடிவதற்கு எழுநூறு மீட்டர் முன்னால் வடிவக்காவின் தெருவுக்குள் நுழைந்து மைதானத்துக்கு வரும்படி வைத்தார். ஓட்ட நாளன்று வண்டிகளை ஓரமாக நிறுத்தவும் என்று தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் அவர் கடையில் கூடினோம். அவருக்கும் எனக்கும் சண்டை வந்தது. பேசர்கள் எல்லாரும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்றார். முடியாது என்றேன். ஏரிக்கரையில் காற்று பக்கவாட்டில் அறையும், அங்கே கிலோமீட்டருக்கு இருபத்தைந்து விநாடி விட்டுக்கொடுக்க வேண்டும். பாட்டில் ஏற்றத்தில் பதினைந்து. எட்டு மணிக்கு மேல் வெயில், கடைசி ஏழு கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம் முப்பது விநாடிதான். விட்டதையெல்லாம் ஊருக்குள்ளேயும் ஏரிக்குப் போகும் இறக்கத்திலும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். நாற்பத்திரண்டு வரியில் அட்டவணை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார். கடைசியில், நீ கண்டக்டரா இன்ஜினியரா என்று கேட்டார். இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு அவர் கடைக் காபியைக் குடித்தேன்.

வடிவக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், தெருவுக்கு எத்தனை மணிக்கு வருவோம் என்று. காலை நாலரைக்குக் கிளம்பினால் எட்டு ஐம்பத்தைந்து என்றேன். சரி என்று தலையாட்டினாள். அவள் பெண் ஜோதிகாவை வாசலில் நிறுத்திக் கைதட்டச் சொல்வதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்ட நாளன்று மூடுபனி. முந்தின நாளும் அப்படித்தான், மாசியில் எங்கள் பக்கம் இரண்டு மூன்று நாள் இப்படி வரும். மைதானத்து விளக்குகள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தன, ஆள் தெரியவில்லை. எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பனி நிற்கிறதென்றால் காற்று இல்லை. காற்று இல்லையென்றால் ஏரிக்கரை செத்த பாம்பு.

நினைத்தபடியே நடந்தது. என் பின்னால் பதினாலு பேர், எனக்கு வலப்பக்கம் வடிவக்கா. வாலாஜாபாத் தாண்டி இறக்கத்தில் கொஞ்சம் இழுத்து விட்டேன். வடிவக்கா என்னோடு வேகத்தை மாற்றினாள். மூன்று மாதமாக நான் கத்தியதற்குப் பலன் அது. தென்னேரிக் கரையில் ஏறியபோது விடிந்திருந்தது, ஆனால் ஏரி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நாரைகளின் சத்தம் மட்டும் கேட்டது. சரளைக் கல் ஈரத்தில் வழுக்கியது. பின்னால் ஒரு பையன் சறுக்கி விழுந்து, எழுந்து, சிரித்துக்கொண்டே வந்தான். சின்ன அடியாக வையுங்கள், கல்லை நம்பாதீர்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டே போனேன். காற்றுக்காக நான் ஒதுக்கி வைத்திருந்த நேரத்தில் பாதிக்கு மேல் அப்படியே மிஞ்சியது.

திரும்பும் வழியில் பாட்டில் ஏற்றம். இங்கே வேகத்தைக் குறைக்கிறேன், யாரும் என்னைத் தாண்டக் கூடாது என்று சொன்னேன். யாரும் தாண்டவில்லை. போன வருஷத்துப் புளியமரம் பனிக்குள்ளிருந்து வந்தபோது என் கூட்டத்தில் ஒருவர்கூட நடக்கவில்லை. முப்பத்தைந்து கிலோமீட்டர், மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. ஒரே வேகத்தில் வந்திருந்தால் ஆகியிருக்கும் நேரத்துக்கு ஒன்றேகால் நிமிஷம் முன்னால் இருந்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனிமேல் ஆறு முப்பதில் தூங்கிக்கொண்டே போனால்கூட நாலு இருபத்தொன்பதரைக்குச் சேர்ந்துவிடலாம்.

அப்போதுதான் பனி கலைய ஆரம்பித்தது. மணி எட்டே கால் ஆகப்போகிறது. வடிவக்கா வானத்தைப் பார்த்தாள்.

"சுகா, இப்பதான் கலையுது பாரு."

வெயில் இல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், நல்லதுதானே என்றேன்.

"தெருவுல பாவு கெடக்கும்," என்றாள். "எப்பவும் ஆறு மணிக்கு நீட்டி எட்டரைக்கெல்லாம் சுருட்டிடுவாங்க. பனியில நீட்ட முடியாது. நேத்து போடாததையும் சேத்து இப்பதான் நீட்டிக்கினு இருப்பாங்க. நாம போறப்ப தெரு ஃபுல்லா இருக்கும்."

பாவு என்றால் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாக்கில் கட்டிய பட்டு இழைகள். அறுபது அடி நீளத்துக்குத் தெருவில் இழுத்து நிறுத்தி, கஞ்சி தடவி, பிரஷ்ஷால் நீவி, வெயிலில் காயவைப்பார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் அட்டவணை மட்டும்தான் இருந்தது. ஓட்டத்துக்காகத் தெருவைக் காலி செய்திருப்பார்கள் என்றேன். மயில்வாகனம் மூன்று தடவை அளந்தார், ஒரு தடவைகூட அங்கே பாவு இல்லை என்றேன்.

"அவரு அளந்தது அமாவாசையில."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் காதில் வாங்கவில்லை. இருந்தால்தான் என்ன, ஓரமாக ஓடிவிடலாம் என்று சொன்னேன். அவள் ஓடிக்கொண்டே என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கோயிலுக்குள் செருப்போடு வா என்று கூப்பிட்டிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

"பாவாண்ட யாராச்சும் ஓடுவாங்களாமா?"

பிறகு சொன்னாள், எல்லாரும் இப்போதே வேகத்தைக் கூட்டினால் தெருவில் நடப்பதற்கு இரண்டு நிமிஷம் கையில் இருக்கும் என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்தைந்துக்கு மேல், பனி கலைந்து புழுக்கம் ஏறுகிற நேரத்தில், யாராவது வேகம் கூட்டுவார்களா? சென்னையில் அவள் கால் நின்றது இதற்குக் கொஞ்சம் தள்ளித்தான். பதினாலு பேரை நம்பிக்கையோடு கூட்டி வருகிறேன், ஒரு தெருவுக்காக அவர்களைக் கொளுத்த மாட்டேன் என்றேன். என் கொடியை விட்டுப் போனால் உன் பனிமலை அவ்வளவுதான் என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

வடிவக்கா முந்தானை மாதிரி தோளில் கிடந்த நீலத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினாள். அப்புறம் என்னைத் தாண்டினாள்.

மூன்று வருஷமாக அந்தக் காலின் தாளம் எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் அது மாறிக் கேட்டேன். ஐம்பது மீட்டர் போனாள், நூறு மீட்டர் போனாள். வலது முட்டியை லேசாக வெளியே வீசி வைத்தாள். வலிக்கும்போது அப்படித்தான் வைப்பாள். கொடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்று தோன்றியது. பின்னால் பதினாலு பேரின் மூச்சுச் சத்தம் கேட்டது. வண்டியைப் பாதியில் விட்டு இறங்குகிற கண்டக்டர் இல்லை நான். அவளைத் திட்டிக்கொண்டே என் ஆறு முப்பதில் ஓடினேன். முப்பத்தெட்டில் அவள் கால் நிற்கும் என்று பயந்தேன், நிற்கவில்லை. நாற்பதில் முன்னூறு மீட்டர் தூரத்தில் அவளுடைய நீலத் துண்டு மட்டும் தெரிந்தது. வெயில் முதுகில் ஏறியது, ஈரச் சாலையிலிருந்து ஆவி எழும்பியது. என் கூட்டத்தில் ஒருவர் பின்தங்கினார், இன்னொருவர் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி சேர்ந்துகொண்டார். அட்டவணை அதன் பாட்டுக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

தெரு முனையில் திரும்பியபோது நாலு மணி இருபத்து நாலு நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடி. மிச்சம் எழுநூறு மீட்டர். நான் கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

தெரு நடுவில் பாவு இருந்தது. ஒன்றில்லை, ஆறு. ஒன்றன்பின் ஒன்றாக, அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, நூற்றைம்பது மீட்டருக்குத் தெருவின் நடுவில் கஞ்சி ஈரத்தோடு மின்னிக்கொண்டு நின்றன. இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து நீவிக்கொண்டிருந்தார்கள். சாக்கடை ஓரமாக ஒரு ஆள் போகிற இடம்தான் இருந்தது. அந்த இடத்தில் எங்களுக்கு முன்னால் வந்த ஏழெட்டு ஓட்டக்காரர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். அந்த வரிசையின் முன்பக்கம், ஆறாவது பாவின் அருகே, நீலத் துண்டு. நடந்துதான் போய்க்கொண்டிருந்தாள், கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கடைக்குப் போகிறவள் மாதிரி நிதானமாக.

நான் பாய்ந்து உள்ளே நுழையப் பார்த்தேன். முதல் பாவில் நீவிக்கொண்டிருந்த இந்திராணி என்ற அம்மா பிரஷ்ஷைக் குறுக்கே நீட்டினாள். கோபமே இல்லை அவள் குரலில்.

"நடந்து போம்மா. ஈரப் பாவு."

அப்புறம்தான் பார்த்தேன். அந்தத் தெருவுக்குள் சைக்கிளில் வந்தவர்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். ஓடுகிற கால் பாவைத் தாங்கி நிற்கும் ஒரு முட்டுக் குச்சியில் பட்டால் போதும், ஆயிரக்கணக்கான இழை சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூன்று சேலைக்கான பட்டு போய்விடும். நடந்தேன். என் பின்னால் பதிமூன்று பேர் நடந்தார்கள். வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பத்தோரு கிலோமீட்டரில் நான் சேமித்த ஒவ்வொரு விநாடியும் அந்தச் சாக்கடை ஓரத்தில் போனது. அட்டவணையில் ஏற்றத்துக்கு ஒரு வரி போட்டேன், காற்றுக்குப் போட்டேன், வெயிலுக்குப் போட்டேன். ஆள் வாழ்கிற தெருவுக்கு ஒரு வரி போடவில்லை.

தெருவைத் தாண்டி வெளியே வந்தபோது நாலு இருபத்தேழு பதினைந்து. கூட்டத்தில் இளவட்டம் இரண்டு பேரைப் பாய்ந்து போகச் சொன்னேன், அவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களை விட்டு நான் போக முடியாது. நாலரை மணிக் கொடி நாலு முப்பது நாற்பத்தொன்றுக்குக் கோட்டைத் தொட்டது.

வடிவக்கா கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி வீங்கியிருந்தது. மயில்வாகனம் பக்கத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். முதலில் வந்த சென்னைக்காரர் விக்ரம், மூன்று மணி ஐந்து நிமிஷம் ஓடியவர், அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். சார், நான் வந்தப்ப தெரு காலியா இருந்துச்சு, அருமையான ஃபினிஷ் என்றார். ஏழரை மணிக்குப் பனியில் யார் பாவு நீட்டுவார்கள்? ஒரே பாதை, அளந்த பாதை. அவருக்கு அது ஒரு தெரு, எங்களுக்கு அது வேறு தெரு.

வடிவக்கா கையில் இருந்த போனைத்தான் பார்த்தேன், ஓடி முடித்த நேரம் அதில்தான் வரும். அவளே திருப்பிக் காட்டினாள். நாலு இருபத்தெட்டு நாற்பத்தாறு.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்சம் சந்தோஷம், நிறைய வெட்கம். என் கொடி பின்னாலேயே வந்திருந்தால் நாற்பத்தொரு விநாடியில் அவள் பனிமலையை நானே பிடுங்கியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை, நானே சொன்னேன்.

"தப்பு என்னுதுக்கா. நீ சொன்னப்ப நான் கேட்டிருக்கணும்."

"நீ மேட்டுல அடக்கி வெச்சதுனாலதான் சுகா கடைசியில கால் இருந்துச்சு," என்றாள். "இல்லன்னா நான் எத்த வெச்சி ஓடியிருப்பேன்?"

இதுவும் உண்மைதான். அதனால் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓரளவு நிமிர்ந்தேன். மயில்வாகனத்திடம் போய், அடுத்த வருஷம் பௌர்ணமியன்று ஒரு தடவை, சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தடவை அளக்கச் சொன்னேன். மனிதர் உடனே சரி என்றார். என் பின்னால் வந்த பதினோரு பேரிடமும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் மட்டும் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்தால் வடிவக்காவைக் காணோம். மெடலை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டித் தெருப்பக்கம் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். ஓடிப்போய்ப் பிடித்தேன். முட்டிக்கு ஐஸ் வைக்காமல் எங்கே போகிறாய் என்று சத்தம் போட்டேன். கை காட்டினாள். ஆறாவது பாவு, மயில் கழுத்து, அவளுடையது. அவள் புருஷன் குமரனும் ஜோதிகாவும் இரண்டு பக்கமும் நின்று நீவிக்கொண்டிருந்தார்கள்.

குமரன் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், அவள் தெருவுக்குள் வருவதைப் பார்த்ததும் தான் பாவின் ஒரு முனையைத் தூக்கி ஒதுக்கப் போனதாகவும், ஓடு வடிவு, ஒன்று வீணானால் பரவாயில்லை என்று கத்தியதாகவும். ஈரத்தில் தொடாதே என்று அவள் அதட்டிவிட்டு, அவருடைய முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்து போனாளாம்.

வடிவக்கா பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். குனியப் போனவள் நின்றாள். கழுத்திலிருந்து மெடலைக் கழற்றினாள்.

"இத்த நீ போட்டுக்கோ. இழையில மாட்டிக்கும்."

என் கழுத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அவளே எக்கி அதன் மேல் இதையும் மாட்டிவிட்டுக் குனிந்து நீவ ஆரம்பித்தாள். ஒரே தாளம். நான் நாலரை மணிக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். இரண்டு மெடலும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடாமல் கையால் பிடித்துக்கொண்டு, பாவுகளின் ஓரமாக, தெரு முனைவரை நடந்தே போனேன்.